கடமான் வேட்டையும் தோட்டாவின் ஆயுளும்

புதுச்சேரியை அடுத்த உழவர்கரைக்கு மேற்கே பரந்து கிடக்கும் ஊசுட்டேரியிலும் அதைச் சூழ்ந்த வயல்களிலும், பிரெஞ்சுக் கொடி பறந்த காலத்தில், தாராவும் உள்ளானும் சுடச் சென்ற கனவான்களுக்குத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது பெரிய சிரமமாக இருந்திருக்காது. சிறு ரவை நிரப்பிய தோட்டாவை ஏற்கும் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தால் போதும். பறவை சிறிது, சுட வேண்டிய தூரம் சிறிது, தவறினாலும் நஷ்டம் சிறிது. அதே கனவான் மேற்கு மலைகளின் சோலைகளில் கடமானைத் தேடிச் செல்வதென்று தீர்மானித்தால், எந்தத் துப்பாக்கி, எத்தனை கனமான குண்டு, எவ்வளவு வெடிமருந்து, எத்தனை வருஷங்களுக்கு அந்தத் தோட்டா கடையில் கிடைக்கும் என்ற கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, ஆயுள் முழுவதற்குமான ஒரு நிர்ணயத்தை அவரிடம் கேட்டு நிற்கும். நீலகிரியிலும் இலங்கையின் மலைநாட்டிலும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இந்த நிர்ணயத்தைச் செய்தவர்களின் சரித்திரத்தைப் படிக்கும்போது, துப்பாக்கியின் ஆயுளை அதன் எஃகைவிட அதற்குள் புகும் தோட்டாவே தீர்மானித்து வந்திருக்கிறது என்பது எனக்கு வர வர உறுதியாகிறது.

முதலில் பிராணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் வடக்கிலும் மேற்கிலும் கடமான் என்றும், தெற்கு மலைகளில் மிளா என்றும், ஈழத்தமிழரால் மரை என்றும் வழங்கப்படும் இந்த மான், நம் நாட்டு மான் இனங்களுள் உருவத்தால் பெரியது. நன்கு வளர்ந்த ஆண், 200 முதல் 300 கிலோகிராம் வரை எடையுள்ளதாக இருக்கும். இலங்கையில் குடியேறிய ஆங்கிலேயர்கள் இதன் பருமனைக் கண்டு, ஐரோப்பாவின் வடகோடிக் காடுகளில் வாழும் மாபெரும் மானாகிய எல்க்கின் பெயரையே இதற்கும் சூட்டிவிட்டார்கள். அங்கே எல்க் வேட்டை என்று அவர்கள் எழுதியதெல்லாம் மரை வேட்டையே. கழுத்திலே பிடரிமயிரும், தோளிலே பருத்த எலும்பும், அடிபட்ட பிறகும் நெடுந்தூரம் ஓடவல்ல பிராணசக்தியும் உடைய இதை அரைகுறையாகச் சுடுவது பாவம் என்பதை நல்ல வேட்டைக்காரர் அனைவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். காயமுற்ற கடமான் சோலைக்குள் புகுந்துவிட்டால், கொடியும் பாசியும் மூடிய அந்த இருட்டில் அதைத் தேடிக் காண்பது அரிது. அது நாட்கணக்கில் வேதனைப்பட்டு மடியும். ஆகவே துப்பாக்கித் தேர்வு என்பது வெறும் ஆடம்பரமான அபிருசியாக இருக்கவில்லை. ஒரு பிராணியின் மரணம் கணத்தில் முடிவதா, நாட்கணக்கில் நீள்வதா என்பதும் அந்தத் தேர்வில் அடங்கியிருந்தது.

இலங்கை வேட்டையைப் பற்றிப் பேசுபவர் எவரும் சாமுவேல் பேக்கரை விட்டுவிட முடியாது. பிற்காலத்தில் நைல் நதியின் ஊற்றுக்களைத் தேடிச் சென்று உலகப் பிரசித்தி பெற்ற இவர், 1848-ஆம் ஆண்டில் நுவரெலியாவில் குடியேறிப் பண்ணை அமைத்தார். தம் வேட்டை அநுபவங்களை அடுத்த பத்தாண்டின் முற்பகுதியில் நூலாகவும் வெளியிட்டார். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் கிப்ஸ் என்ற பட்டறையார் அவருக்காகச் செய்து தந்த ரைபிளின் எடை 21 பவுண்டு. குழலின் நீளம் 36 அங்குலம். மூன்று அவுன்ஸ் உருண்டைக் குண்டையும், நான்கு அவுன்ஸ் கூம்புக் குண்டையும் அதில் பயன்படுத்தலாம். ஒரு முறை சுடுவதற்குப் பதினாறு டிராம், அதாவது முழுதாக ஓர் அவுன்ஸ், கருமருந்து வேண்டும். யானைக்கும் காட்டெருமைக்கும் எதிரே நின்று சுடுவதற்கென்று அமைந்த கருவி அது. ஆச்சரியமான விஷயம் என்னவென்றால், மரை வேட்டைக்கு அவர் பெரும்பாலும் துப்பாக்கியையே எடுத்துச் செல்லவில்லை. ஹார்ட்டன் சமவெளியின் குளிர்ந்த புல்வெளிகளில், வேட்டை நாய்க்கூட்டம் மரையை ஓடை நீருக்குள் வளைத்து நிறுத்த, கையில் கத்தியுடன் இறங்கி அதை முடிப்பதே அவர் மேற்கொண்ட முறை. அந்தச் சாகசத்தில் துணிவு இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. நாய்களால் பிடுங்கப்பட்டு மடிந்த மிருகங்களின் நிலையை எண்ணும்போது, நன்றாகத் தேர்ந்த ரைபிளும் நிதானமான கையும் அவற்றுக்கு எவ்வளவோ காருண்யமாக இருந்திருக்கும் என்று சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

நீலகிரியின் கதை வேறு வழியில் சென்றது. கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் அந்த மலையின் உச்சிக்கு வழி கண்டபின், பட்டாள உத்தியோகஸ்தர்களும் தோட்ட முதலாளிகளும் அங்கே குடியேறி, மடிப்பு மடிப்பான புல்மேடுகளும் அவற்றின் பள்ளங்களில் ஒடுங்கி நிற்கும் சோலைகளுமான அந்த நிலத்தைத் தங்கள் வேட்டைக்களமாக்கிக் கொண்டார்கள். ஆட்களும் நாய்களும் சோலைக்குள் புகுந்து ஓசை எழுப்ப, மறுபுற மேட்டில் காத்திருக்கும் வேட்டைக்காரர், வெளிப்பட்டுப் புல்வெளியைக் கடக்கும் ஆண் கடமானை நூறு, நூற்றைம்பது கஜ தூரத்தில் சுட வேண்டும். மலைக்குக் கீழே முதுமலையிலும் வயநாட்டிலும் மூங்கில் புதருக்குள் இருபது கஜத்திலேயே எதிர்ப்படும் கடமானுக்கு ஏற்ற துப்பாக்கி இந்தத் தூரத்துக்கு உதவாது. இந்தத் தூரத்துக்கு உதவும் இலேசான ரைபிளோ அந்தப் புதருக்குள் நம்பத் தகுந்ததாக இராது. ஒரே மலையின் உச்சியும் அடிவாரமும் ஒரே மனிதனிடம் இரண்டு விதமான துப்பாக்கிகளைக் கேட்டன.

ஆரம்ப காலத்துத் துப்பாக்கிகள் வாய்வழியே மருந்து கெட்டிப்பவை. அவற்றின் குறைகளை யாவரும் அறிவர். மூடுபனியிலும் தென்மேற்குப் பருவமழையிலும் மருந்து ஈரமாகும். பத்துத் தடவை சுட்டால் குழலுக்குள் கரி படிந்து, அடுத்த குண்டு இறங்க மறுக்கும். ஒரு குண்டு வெடித்ததும் எழும் வெண்புகை, ஈரக்காற்றில் கலையாமல் நிற்க, சுட்டவர் குனிந்து புகையின் அடியில் பார்த்தால்தான் மிருகம் விழுந்ததா ஓடியதா என்பது தெரியும். ஆனால் ஒரு பெரும் சௌகரியமும் அவற்றுக்கு இருந்தது. ஈயமும் அச்சும் இருந்தால் குண்டை வீட்டிலேயே வார்த்துக்கொள்ளலாம். மருந்தும் அதைப் பற்றவைக்கும் கேப்பும் பெரிய கடைவீதிகளில் கிடைக்கும். எந்தத் தொழிற்சாலையையும் எதிர்பார்த்து அந்தத் துப்பாக்கி காத்திருக்க வேண்டியதில்லை. இந்தக் காலத்தின் சிறந்த ஆராய்ச்சியாளர், மத்திய மாகாணக் காடுகளில் உத்தியோகம் பார்த்த கேப்டன் ஜேம்ஸ் ஃபார்சைத். 1863-இல் அவர் வெளியிட்ட வேட்டை ரைபிளைப் பற்றிய நூல், குழலின் உள்வரிகள் மிக மெதுவாகத் திரும்ப வேண்டும் என்று வாதித்தது. பவுண்டுக்குப் பதினாலு குண்டு வார்க்கும் அளவுள்ள குழலில், 104 அங்குலத்துக்கு ஒரு சுற்றே போதும் என்றார். வரிகள் இப்படி மெதுவாகத் திரும்பினால், மருந்தை மிகுதியாக இட்டாலும் உருண்டைக் குண்டு வரிகளை விட்டு நழுவாமல், நேர்கோட்டுக்கு அணுக்கமாகப் பாயும் என்பது அவருடைய தர்க்கம். மான் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதைக் கண்ணளவால் சரியாக மதிப்பிட முடியாத காட்டில், இந்த யோசனை பெரிய உபகாரமாக இருந்தது.

பின்வழியே தோட்டா போடும் முறை வந்தபோதுதான் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் உள்ள உறவு மாறியது. இந்த மாறுதலின் ஊற்று, உழவர்கரையை அந்நாளில் ஆண்டுகொண்டிருந்த தேசத்திலேயே இருந்தது. பாரிஸ் நகரத்தின் காசிமிர் லெஃபோஷே 1830-களின் நடுவில் முளையடித் தோட்டாவைக் கொண்டு பின்வாய்த் துப்பாக்கியை அமைத்தார். 1851-இல் லண்டனில் நடந்த மகா கண்காட்சியில் அதைக் கண்ட ஆங்கிலேயப் பட்டறையார்கள் முதலில் ஐயமுற்றுப் பின்னர்ப் பின்பற்றினார்கள். பத்தாண்டுகளில், அடியின் நடுவே கேப்பு பொருந்திய தோட்டா வழக்கத்துக்கு வந்துவிட்டது. மழையில் நனையாத மருந்து, கணத்தில் மறுமுறை சுடும் வசதி ஆகிய இரண்டும் நீலகிரி வேட்டைக்காரருக்குப் பெரும் வரப்பிரசாதங்கள். ஆனால் அன்றுமுதல் துப்பாக்கி தன் சுதந்திரத்தை இழந்தது. பர்மிங்ஹாமில் ஒரு தொழிற்சாலை குறிப்பிட்ட அளவுள்ள பித்தளைக் கூட்டைச் செய்து கப்பலேற்றும் வரையில்தான் அதற்கு ஜீவன். கருமருந்துக் காலத்தில், பித்தளைக் கூட்டை மறுபடி மறுபடி நிரப்பிப் பயன்படுத்தும் கருவிகள் பங்களாக்களில் இருந்தபடியால், இந்தச் சார்பு முழுதாக உறைக்கவில்லை.

அப்போது பெயர் பெற்றிருந்தது எக்ஸ்பிரஸ் ரைபிள். 1856-இல் லண்டன் பட்டறையார் ஜேம்ஸ் பர்டி, விரைவு ரயிலின் பெயரைத் தம் ரைபிளுக்கு இட்டார். சிறிய குழல், இலேசான குண்டு, அளவுக்கு மிஞ்சிய மருந்து என்ற முறையில் அது அமைந்தது. குண்டின் நுனியைக் குடைந்து விடுவதால், தாக்கியதும் அது விரிந்து சிதறும். பக்கவாட்டில் நின்ற கடமானை இது இடிபோல் வீழ்த்தியது. எதிரே நோக்கி நின்றதையோ, சாய்வாக ஓடியதையோ சுட்டபோது, தோளெலும்பின் மேலேயே சிதறி, பயங்கரமான மேற்காயத்தை மட்டும் உண்டாக்கி, மிருகத்தை உயிரோடு சோலைக்கு அனுப்பியது. இதைப் பற்றிய சர்ச்சை அந்நாளைய வேட்டை நூல்களில் ஓயாமல் நடந்திருக்கிறது. திடமான கன குண்டை நாடியவர்களின் பக்கமே நியாயம் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. வேகத்தின் மினுமினுப்பில் மயங்கி ஊடுருவும் வலிமையைக் கைவிட்டவர்களுக்காகக் கிரயத்தைச் செலுத்தியவை வாயில்லாப் பிராணிகள். அளவற்ற வேட்டையால் நீலகிரியில் கடமானும் வரையாடும் குறைந்து போனதைக் கண்டு, வேட்டைக்காரர்களே 1877-இல் நீலகிரி வேட்டைச் சங்கத்தை நிறுவினார்கள். சென்னை அரசாங்கம் 1879-இல் நீலகிரிக்கென்று தனியே வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றி, அடைப்புக் காலத்தையும் உரிமச் சீட்டையும் ஏற்படுத்தியது.

அடுத்த புரட்சியும் பிரான்ஸிலிருந்தே வந்தது. 1884-இல் போல் வியேய் என்ற ரசாயனி புகையற்ற வெடிமருந்தைக் கண்டார். இரண்டு ஆண்டுகளில் பிரெஞ்சுச் சேனை லெபெல் ரைபிளை ஏந்தியது. ஆங்கிலேயர் 1889-இல் கார்டைட் என்ற தங்கள் புகையற்ற மருந்தைச் சமைத்தார்கள். புகைத்திரை விலகியது, குழல் சுருங்கியது, முந்நூறு கஜத்திலும் குண்டு நேரே சென்றது. கார்டைட்டைத் தயாரிக்க இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசாங்கம் தேர்ந்தெடுத்த இடம் குன்னூருக்கருகில் உள்ள அருவங்காடு என்பது, இந்தச் சரித்திரத்தில் எண்ணி எண்ணி வியக்கத்தக்க சம்பவம். கடமான் மேய்ந்த மலையின் மடியிலேயே அந்த மருந்தும் பிறக்கத் தொடங்கியது.

துப்பாக்கி நீண்டநாள் உழைக்க வேண்டுமென்று விரும்பியவர்களுக்குப் புகையற்ற மருந்து கொணர்ந்த கவலைகளோ பல. முதலாவது, உஷ்ணம். ஆரம்பக் கார்டைட்டில் நூற்றுக்கு 58 பங்கு நைட்ரோகிளிசரின். அது எரியும் வெப்பத்தில் குழலின் தொண்டைப் பகுதி விரைவிலேயே அரிக்கப்பட்டுவிடும். இந்தக் காரணத்தாலேயே பின்னர் அந்தப் பங்கை 30 ஆகக் குறைத்தார்கள். இரண்டாவது, இடத்துக்கு இடம் மாறும் அழுத்தம். உதகமண்டலத்தின் உறைபனிக் காலையில் சாதுவாக வெடித்த தோட்டாவே, கோயம்புத்தூர்ச் சமவெளியின் சித்திரை வெயிலில் சூடேறினால், குழலுக்குள் அதிக அழுத்தத்தை எழுப்பும். வெடித்தபின் கூடு வெளிவராமல் சிக்கிக்கொள்ளவும் கூடும். உஷ்ண தேசங்களுக்கென்று மருந்தைச் சற்றுக் குறைத்து நிரப்பிய தோட்டாக்களைத் தனியே அடையாளமிட்டு விற்றதும், பெரிய இரட்டைக்குழல் ரைபிள்களின் தோட்டாவைத் தாராளமான கூட்டளவோடு குறைந்த அழுத்தத்தில் அமைத்ததும் இதை உத்தேசித்தே. மூன்றாவதும் மிகக் கொடியதும் கேப்பின் உப்பு. அந்நாளைய கேப்பில் இருந்த குளோரேட், எரிந்தபின் ஒருவகை உப்பாகிக் குழலுக்குள் படியும். அது காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடித்து ஒரே இரவில் துருவை விளைவிக்கும். எண்ணெய் அதைக் கரைக்காது, நீர்தான் கரைக்கும். ஆகவே வேட்டை முடிந்து கூடாரம் திரும்பியதும், எவ்வளவு அலுப்பானாலும், கொதிநீரைக் குழலில் ஊற்றிக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்தி, அதன்மேல் ரங்கூன் எண்ணெயைத் தடவி வைப்பதே அறிந்தவர்கள் கைக்கொண்ட நியமம். நீலகிரி மழைக்காலத்தில் இந்த நியமத்தை அலட்சியம் செய்தவரின் ரைபிள், லண்டனில் எந்தப் புகழ்பெற்ற பட்டறையில் பிறந்ததானாலும், சில பருவங்களிலேயே பாழாகும். அதைக் கடைப்பிடித்தவரின் சாதாரண ரைபிளோ மகன் கைக்கும் நல்ல நிலையில் போய்ச் சேரும்.

இத்தனைக்கும் தப்பிப் பிழைத்த நல்ல துப்பாக்கிகளையும் சட்டம் ஊமையாக்கியது. பட்டாளத்து ரைபிள்களின் தோட்டாவும் அதே அளவுள்ள குழல்களும் எல்லைப்புறக் கலகக்காரர்களுக்குப் பயன்பட்டுவிடும் என்ற அச்சத்தில், இந்திய அரசாங்கம் 1907-ஆம் ஆண்டளவில் .450 அங்குல அளவுள்ள ரைபிள்களையும் தோட்டாக்களையும் இறக்குமதி செய்வதைத் தடுத்தது. இந்தியாவெங்கும் பெருமிருக வேட்டைக்கு ஆதாரமாயிருந்த அளவு அது. லண்டன் பட்டறையார்கள் உடனே .465 என்றும் .470 என்றும் .475 என்றும் புதிய அளவுகளைப் படைத்தார்கள். அதனால் பழைய ரைபிளை வைத்திருந்தவருக்கு என்ன பயன்? குழல் கண்ணாடிபோல் மின்ன, தோட்டாவுக்கு வழியில்லாமல் அது சுவரில் தொங்கியது. ஆயுதம் பற்றிய இந்த அச்சத்தைப் புதுச்சேரிக்காரர் நன்கறிவர். பிரிட்டிஷ் இந்தியாவின் 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பிரெஞ்சு எல்லைக்குள் செல்லுபடியாகவில்லை. புரட்சியாளர் வ.வே.சு. ஐயர் அடைக்கலம் புகுந்திருந்த புதுச்சேரியில் துப்பாக்கிப் பயிற்சி பெற்ற வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சியில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷைச் சுட்டபின், புதுச்சேரியிலிருந்து வெளியே செல்லும் ஒவ்வொரு சாலையிலும் பிரிட்டிஷ் போலீஸின் பார்வை கடுமையாயிற்று. வேட்டைத் தோட்டாவின் அளவையும் விடுதலைப் போராட்டத்தின் ஆயுதத்தையும் ஒரே கை, ஒரே காரணத்துக்காக, அளந்துகொண்டிருந்தது.

இந்நிலையில், கடமானுக்கும் போதுமானதாக, வெகுகாலம் தோட்டா கிடைப்பதாக, மலையேறும் மனிதனின் தோளை வருத்தாததாக ஒரு ரைபிளைத் தேடியவர்கள் நடுத்தரமானவற்றையே நாடினார்கள். ஜெர்மானிய மவுஸரின் 7 மில்லிமீட்டர் தோட்டாவை .275 என்ற பெயரில் லண்டனின் ரிக்பி பட்டறை ஏற்றுக்கொண்டது. ஜிம் கார்பெட்டுக்கு 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காகப் பரிசளிக்கப்பட்டது இத்தகைய ரைபிளே. 1912-இல் ஹாலந்து என்ற லண்டன் பட்டறை வெளியிட்ட .375 மேக்னம், கடமான்முதல் காட்டெருமைவரை ஒரே குழலால் சமாளிக்கவல்லது. உலகத்தில் இன்றும் அது உற்பத்தியாகிறது. ஒருவர் ஒரே ஒரு ரைபிளால் இந்த மலைகளில் வாழ்நாளைக் கழிக்க வேண்டுமென்று அக்காலத்தில் என்னைக் கேட்டிருந்தால், தயங்காமல் அதையே சொல்லியிருப்பேன். பெங்களூரிலிருந்து வந்து தர்மபுரி, பென்னாகரம், தேன்கனிக்கோட்டைக் காடுகளில் அலைந்த வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன், 1904-இல் பிறந்த .405 அமெரிக்கத் தோட்டாவையும் அதற்குரிய வின்செஸ்டர் ரைபிளையும் கடைசிவரை விடவில்லை. 300 கிரெயின் குண்டு, விரைந்து மீண்டும் சுடும் நெம்புகோல் அமைப்பு ஆகியவற்றால் அடர்காட்டில் அது நம்பகமானது. அமெரிக்கத் தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்தத் தோட்டாவைக் கைவிட்டபின், அதை வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு தோட்டாவையும் எண்ணிச் சுட வேண்டியதாயிற்று. 1960-களில் இங்கிலாந்தின் கைனாக் நிறுவனம் பெரிய ரைபிள்களின் தோட்டாக்களை நிறுத்தியபோது, தமிழ்நாட்டுத் தோட்ட பங்களாக்களில் இருந்த இரட்டைக்குழல் ரைபிள்களுக்கும் அதே கதி.

இந்தத் தேர்வுகளில் பங்குகொண்ட வேறு மனிதர்களையும் சொல்லியாக வேண்டும். கனத்த ரைபிளை மேட்டிலும் பள்ளத்திலும் சுமந்தவர்கள் பெரும்பாலும் குறும்பர், இருளர் முதலிய மலைமக்கள். சுவட்டைப் படித்ததும், காயம்பட்ட மிருகத்தைத் தொடர்ந்து முதலில் சோலைக்குள் காலெடுத்து வைத்ததும் அவர்களே. துப்பாக்கியின் உடைமையாளர் நூலெழுதினார். அதன் பளுவையும் பிழையையும் தாங்கியவர்களுக்கு எழுத்தில் இடம் மிகக் குறைவாகவே கிடைத்தது.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கடுமையான உரிமங்களுக்குள் அடக்கியது. 1991-ஆம் ஆண்டின் திருத்தம் அந்த உரிமங்களையும் அகற்றியது. நீலகிரியின் பழைய வேட்டைச் சங்கம் வனவிலங்குச் சங்கமாகி, காப்பாற்றும் வேலையை மேற்கொண்டது. அதில் உழைத்த ஈ.ஆர்.சி. டேவிதார், தாமும் முன்பு வேட்டையாடியவராக இருந்து, பின்னர் வரையாடுகளைக் கணக்கெடுக்க அதே புல்மேடுகளில் நடந்தார். ரைபிள்களில் பெரும்பாலானவை மௌனமாயின. எஞ்சியது .315. ஆஸ்திரிய-ஹங்கேரியச் சேனை 1890-ஐ ஒட்டி ஏற்ற மான்லிக்கர் தோட்டாவின் அளவு அது. பட்டாளத்து .303 குடிமக்களுக்கு விலக்கப்பட்டிருந்தபடியால், அதற்குப் பதிலாக இந்தியாவுக்குள் வந்தது. கடமான் வேட்டையின் ரசிகர் எவரும் அதைப் போற்றிப் பாடியதில்லை. லண்டன் பட்டறைகளின் பெருமையும் அதற்கில்லை. ஆனால் அதற்குரிய ரைபிளை வங்காளத்தின் இச்சாபூர்த் தொழிற்சாலை சுதந்திரத்துக்குப் பின்னும் குடிமக்களுக்காகச் செய்துவந்தது. தோட்டாவையும் அரசாங்கத் தொழிற்சாலைகளே தயாரித்தன. .450 எக்ஸ்பிரஸும், .405 வின்செஸ்டரும், கைனாக்கின் பெருந்தோட்டாக்களும் கடைகளிலிருந்து மறைந்த பிறகும், உரிமம் பெற்ற ஒரு குடியானவர் பயிர்க்காவலுக்கும் தற்காப்புக்கும் என்று அந்தத் தோட்டாவைத் தமக்குரிய அளவுக்கு உட்பட்டு வாங்கிக்கொண்டே இருந்தார்.